எட்டு சிரிஞ்சும் ஒரு பிளைவுட் கையும்: வகுப்புக்கு எத்தனை பெட்டி வாங்கலாம்?

டெக்னாலஜி பாடத்துக்கென்று பள்ளிகள் வாங்கும் பொருட்களில் அடிக்கடி கண்ணில் படுவது ஹைட்ராலிக் கைப் பெட்டி; அதாவது குழாய்க்குள் அடைத்த நீரைத் தள்ளி அசைக்கும் கையைச் செய்ய உதவும் பெட்டி. லேசரில் வெட்டிய பிளைவுட் பாகங்கள், எட்டு சிரிஞ்சு, நாலு குழாய், ஒரு பை நிறையத் திருகு. எல்லாவற்றையும் மாட்டி முடித்தால் மேசைமேல் ஒரு சின்னக் கை நிற்கும்; திரும்பும், நிமிரும், நீளும், பிடிக்கும். வெவ்வேறு பெயரில், வெவ்வேறு அட்டைப்படத்தோடு விற்றாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரே வடிவம்தான். அதனால் இந்த மதிப்புரை ஒரு நிறுவனத்தைப் பற்றியதல்ல. இந்த வகைப் பெட்டியைப் பற்றியது. டர்பன், சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், வெருலம் பக்கம் ஏழு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை டெக்னாலஜி நடத்தும் ஆசிரியர்களையும், பிள்ளைக்கு வாங்கித் தரலாமா என்று யோசிக்கும் பெற்றோரையும் மனத்தில் வைத்து எழுதியது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பெட்டி நல்ல பெட்டிதான். ஆனால் குழுவுக்கு ஒன்று என்று வாங்க வேண்டாம். வகுப்புக்கு ஒன்று போதும். மிச்சக் காசுக்குத் தனிச் சிரிஞ்சும் குழாயும் வாங்குங்கள். அட்டைப்பெட்டி மளிகைக் கடைப் பின்வாசலில் சும்மாவே கிடைக்கும்.

காரணம் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. கேப்ஸ் (CAPS) என்னும் தென்னாப்பிரிக்கப் பள்ளிப் பாடத்திட்டப்படி 7 முதல் 9 வரையிலான வகுப்புகளுக்கு டெக்னாலஜி வாரத்துக்கு 2 மணி நேரம். அதன் முதுகெலும்பு ஐந்து படிகள்: ஆராய்தல், வடிவமைத்தல், செய்தல், மதிப்பிடுதல், தெரிவித்தல். முன்வெட்டிய பெட்டி முதல் இரண்டையும் தாண்டி நேராக மூன்றாவதில் போய் இறங்கிவிடுகிறது. கவனமாகச் செய்கிற குழுவுக்கே இதை மாட்டி முடிக்க இரண்டரை, மூன்று மணி நேரம் ஆகும். ஒன்றரை வாரப் பாடவேளை போனபின் கையில் மிஞ்சுவது, பக்கத்து மேசையில் இருப்பதைப் போலவே இன்னொரு கை. எட்டுக் குழுவுக்கும் எட்டு ஒரே கை. எந்தக் குழுவும் ஒரு அளவைக்கூடத் தீர்மானித்திருக்காது.

பெட்டியின் தரம் பற்றி. பிளைவுட் 3 மி.மீ. தடிமன். வெட்டு சுத்தமாக இருக்கும், ஓரத்தில் கரி ஒட்டியிருக்கும். ஈரத்துணியால் ஒரு முறை துடைத்துவிட்டால் பள்ளிச் சீருடை தப்பும். பிடிப்பானின் விரல், முன்கையின் நுனி போன்ற ஒடுங்கிய இடங்களில் மேல்தாளின் நார் குறுக்கே ஓடினால் அங்கேதான் ஒடியும். தகட்டிலிருந்து பாகத்தைக் கையால் பிய்க்காமல், ஒட்டியிருக்கும் சின்னப் புள்ளிகளைக் கட்டரால் அறுத்து எடுத்தால் பாதி உடைசல் குறைந்துவிடும். டர்பனின் கோடை ஈரத்தில் பிளைவுட் கொஞ்சம் ஊதும். மூட்டுநாக்கு துளைக்குள் போகாவிட்டால் சுத்தியலை எடுக்க வேண்டாம். நக அரத்தால் இரண்டு பக்கமும் நாலு இழுப்பு இழுத்தால் போதும்.

திருகுதான் அதிகம் படுத்தும். மூட்டு ஆடக்கூடாது என்று பிள்ளைகள் நட்டை இறுக முறுக்கிவிடுவார்கள். பிறகு கை அசையாது; சிரிஞ்சு பழுது என்று நினைத்து இன்னும் பலமாக அழுத்துவார்கள்; குழாய் பிய்த்துக்கொண்டு தண்ணீர் அடிக்கும். முழுக்க இறுக்கிவிட்டுக் கால் சுற்று தளர்த்த வேண்டும். தளர்த்திய நட்டு அசைவில் தானாகக் கழன்று விழும் என்பதால், அதன்மேல் இரண்டாவது நட்டு ஒன்றைப் போட்டு இரண்டையும் ஒன்றோடொன்று இறுக்கிப் பூட்டலாம். உபரி நட்டு இல்லையென்றால் திருகு நுனியில் ஒரு சொட்டு நகப்பூச்சு. வாங்கும்போதே பசை போட்டு ஒட்டும் வகையா, திருகு போடும் வகையா என்று பாருங்கள். ஒட்டும் வகையை மறுபடி பிரிக்க முடியாது. பிரிக்க முடியாத பெட்டியால் வகுப்புக்கு ஒரு வருஷப் பயன்தான்.

இந்தப் பெட்டி மேல் உள்ள பெரிய குறை வேறு. எட்டு சிரிஞ்சும் ஒரே அளவு. அதாவது அழுத்துகிற பக்கமும் அசைகிற பக்கமும் சமம். எவ்வளவு அழுத்தினோமோ அவ்வளவே வெளியே வரும். ஹைட்ராலிக்கின் முழு அழகும் அளவு மாறும்போதுதான் தெரியும். 20 மில்லி சிரிஞ்சின் உள்விட்டம் சுமார் 19 மி.மீ., 5 மில்லியின் உள்விட்டம் சுமார் 12 மி.மீ. (தயாரிப்புக்குத் தயாரிப்பு கொஞ்சம் மாறும், பிள்ளைகளையே அளக்கச் சொல்லுங்கள்.) பரப்பைக் கணக்கிட்டால் பெரியது சின்னதைப் போல இரண்டரை மடங்கு. சின்னதை அழுத்தினால் பெரியதில் இரண்டரை மடங்கு விசை கிடைக்கும். ஆனால் 5 மில்லி முழுவதையும் தள்ளினாலும் பெரியதன் தண்டு ஒன்றே முக்கால் சென்டிமீட்டர்தான் நகரும். விசையில் கிடைத்ததைத் தூரத்தில் கொடுத்தாக வேண்டும். ஏழாம் வகுப்பில் விபத்துக் காரை விரித்து ஆளை மீட்கும் கருவியின் மாதிரி செய்யச் சொல்கிறது பாடத்திட்டம். அதன் உயிரே இந்தக் கணக்கு. இரண்டு பிள்ளைகளை எதிரெதிரே உட்காரவைத்து தண்ணீர் நிரப்பிக் குழாயால் இணைத்த ஜோடியில் ஒருவர் கையில் 5 மில்லி, மற்றவர் கையில் 20 மில்லி கொடுத்து, கட்டைவிரலால் தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். வகுப்பிலேயே பலசாலிப் பையன் பெரிய சிரிஞ்சோடு தோற்பதைப் பார்த்தபின் அடைத்த நீரில் கொடுத்த அழுத்தம் எங்கும் சமமாகப் பரவும் என்ற பாஸ்கல் விதியைக் கரும்பலகையில் எழுத ஒரு நிமிஷம் போதும்.

ஆகவே தனியாக வாங்க வேண்டிய பட்டியல்: 5, 10, 20 மில்லி சிரிஞ்சுகள், குழு ஒன்றுக்கு ஒவ்வொன்றிலும் இரண்டு. ஊசி இல்லாதது, புதியது, மருந்தகத்தில் வாங்கியது. பயன்படுத்திய சிரிஞ்சு எந்த நிலையிலும் வகுப்புக்குள் வரக்கூடாது. நுனி வழவழப்பாக, செருகும் வகையாக இருக்கட்டும். திருகிப் பூட்டும் நுனியில் குழாய் ஏறாது. உந்துதண்டின் முனையில் கறுப்பு ரப்பர் இருக்கிறதா பாருங்கள். ரப்பர் இல்லாத இரண்டு துண்டு சிரிஞ்சு ஒருமுறை ஊசி போடத்தான். நாற்பது தடவை முன்னும் பின்னும் ஓட்டினால் ஒழுக ஆரம்பித்துவிடும். குழாய்க்கு மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் காற்றுக்குழாய் சரியாகப் பொருந்தும்: உள்விட்டம் 4 மி.மீ. நுனியை வெந்நீரில் பத்து விநாடி நனைத்துச் செருகி, ஆறவிட்டால் இறுகப் பிடித்துக்கொள்ளும்.

தண்ணீர் நிரப்புவதில்தான் முக்கால்வாசி வகுப்புகள் தடுமாறுகின்றன. இரண்டு சிரிஞ்சையும் முழுக்க நிரப்பிவிட்டு இணைப்பார்கள். ஒன்றை அழுத்தியதும் மற்றதன் தண்டு தெறித்து வெளியே வரும், சட்டையெல்லாம் ஈரம். ஜோடிக்குள் இருக்க வேண்டிய தண்ணீர் ஒரு சிரிஞ்சு அளவும் குழாய் கொள்ளும் அளவும் மட்டுமே. சின்னதும் பெரியதுமாக இணைத்தால், சின்னது கொள்ளும் அளவு. முறை இது: ஒரு வாளித் தண்ணீரில் முதல் சிரிஞ்சை முழுதும் இழுத்து நிரப்பு, நுனியை மேலே பார்க்கப் பிடித்துத் தட்டு, குமிழி எல்லாம் மேலே ஏறியதும் வெளியே தள்ளு, தண்ணீருக்குள்ளேயே குழாயைச் செருகி, குழாயின் மறுமுனையில் நீர் சொட்டும்வரை அழுத்து, பிறகு மறுபடி தண்ணீர் இழுத்து நிரப்பிக்கொண்டு, தண்டை முழுதும் உள்ளே தள்ளிய இரண்டாவது சிரிஞ்சை நீருக்கடியிலேயே இணை. உள்ளே ஒரு குமிழி தங்கினாலும் கை பஞ்சுபோல் அழுந்தும்; காற்று சுருங்கும், தண்ணீர் சுருங்காது. இதைக் குறையாக மட்டும் பார்க்க வேண்டாம். ஒரு ஜோடியில் தண்ணீர், ஒரு ஜோடியில் வெறும் காற்று வைத்து இரண்டையும் மாறிமாறி அழுத்தச் சொன்னால் காற்றால் இயங்கும் நியூமாடிக்குக்கும் நீரால் இயங்கும் ஹைட்ராலிக்குக்கும் உள்ள வேறுபாட்டை விரலே சொல்லிவிடும்.

நிறம் கலந்த தண்ணீர் பார்க்க அழகு, அட்டையில் சிந்தினால் கறை. ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க உதவும் என்பதால் இரண்டு சொட்டு கலக்கலாம். தண்டு சிக்கிச் சிக்கி நகர்ந்தால் ரப்பரில் கொஞ்சம் கிளிசரினோ பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரோ தடவுங்கள். வாசலின் வேண்டாம்; அதிலுள்ள பெட்ரோலிய எண்ணெய் ரப்பரை ஊதவைத்துவிடும், பிறகு தண்டு அசையவே அசையாது. இன்னொன்று: தள்ளும்போது குழாய் கழலாத அளவுக்கு நல்ல விசை கொடுக்கலாம், இழுக்கும்போது அப்படி இல்லை. வேகமாக இழுத்தால் நீரில் கரைந்திருந்த காற்று குமிழியாகப் பிரியும், இணைப்பு வழியாக வெளிக்காற்றும் உள்ளே வரும். அதனால் கை தூக்குவது தள்ளலாக இருக்கட்டும், இறங்குவது தன் எடையாலோ ஒரு ரப்பர் பேண்டாலோ நடக்கட்டும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். பெட்டியில் வரும் பிளைவுட் கையில் சிரிஞ்சுத் தண்டை மாட்ட ஒரே ஒரு துளை இருக்கும். எங்கே மாட்டுவது என்பதை வடிவமைத்தவர் முன்பே தீர்மானித்துவிட்டார். ஆனால் இந்த முழு வேலையிலும் பிள்ளை யோசிக்க வேண்டிய இடமே அந்தத் துளைதான். 10 மில்லி சிரிஞ்சின் தண்டு ஏறக்குறைய 5.7 செ.மீ. நகரும். கையின் நீளம் 20 செ.மீ., நுனியில் ஒரு 410 கிராம் பீன்ஸ் டின் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுழலும் அச்சிலிருந்து 4 செ.மீ. தள்ளி மாட்டினால் கை சுமார் 90 பாகை சுழலும், ஆனால் டின்னைத் தூக்கவே சிரிஞ்சு 2 கிலோவுக்கு மேல் தள்ள வேண்டும். 8 செ.மீ. தள்ளி மாட்டினால் ஒரு கிலோ போதும், ஆனால் கை 40 பாகைதான் சுழலும். உயரமாகத் தூக்க வேண்டுமா, பாரமாகத் தூக்க வேண்டுமா? அல்லது 4 செ.மீ.யிலேயே வைத்துக்கொண்டு, தூக்கும் பக்கம் 20 மில்லியும் அழுத்தும் பக்கம் 10 மில்லியும் போட்டு விரலுக்கு வலி குறைக்கலாமா? அப்படிச் செய்தால் கை எவ்வளவு சுழலும்? இந்தக் கேள்விகளுக்குக் குழுவுக்குக் குழு விடை மாறும். விடை மாறும் இடத்தில்தான் எட்டுக் குழுவும் எட்டு விதமாகச் செய்ய ஆரம்பிக்கும்.

அதனால் பெட்டி ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு ஒரு வழி: கையின் பிளைவுட்டில் அச்சிலிருந்து 3, 5, 7, 9 செ.மீ. தூரத்தில் நாலு துளை கூடுதலாகப் போடுங்கள். 3 மி.மீ. துளைமுனை போதும்; அடியில் ஒரு மரத்துண்டு வைத்துத் துளைத்தால் மறுபக்கம் பிளக்காது. சிரிஞ்சைத் தாங்கும் பாகத்தையும் அதற்கேற்ப நகர்த்த வேண்டியிருக்கும். அந்த ஒரே மாற்றம் பெட்டியை வேறு பொருளாக்கிவிடுகிறது.

பெட்டியை வகுப்பில் பயன்படுத்த நாங்கள் பரிந்துரைக்கும் முறை: முதல் வேளையில் மாட்டி முடித்த கையை மேசைமேல் வைத்து, ஓட்டிப் பார்க்கவிட்டு, பிரிக்கச் சொல்லுங்கள். எங்கே அச்சு, எங்கே திறன் (நாம் கொடுக்கும் விசை), எங்கே பளு (தூக்கும் பாரம்), எது எந்த வகை நெம்புகோல் என்று ஒவ்வொருவரும் வரையட்டும். பிறகு பெட்டி அலமாரிக்குள் போய்விட வேண்டும். கண்ணெதிரே இருந்தால் எல்லோரும் அதையே அட்டையில் நகலெடுப்பார்கள்.

அடுத்து ஒரு பிரச்சினையைக் கொடுங்கள். “ஒரு கை செய்” என்றால் கைதான் வரும். “பாட்டிக்குத் தோள் வலி, அடுப்பில் இருக்கும் பெரிய சோற்றுப்பானையின் மூடியைச் சுடாமல் தூக்கி ஓரமாக வைக்க வேண்டும்” என்றால் பத்து விதமான யோசனை வரும், அதில் பாதி கைபோலவே இருக்காது. துறைமுகக் கிரேனை உதாரணம் காட்டும் ஆசிரியர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டர்பன் துறைமுகத்தில் கண்டெய்னர் தூக்கும் பெரிய கிரேன்கள் பாரத்தை ஏற்றுவது கம்பிவடத்தாலும் கப்பியாலும்தான். ஹைட்ராலிக் பார்க்க வேண்டுமென்றால் கரும்புக்காட்டுப் பக்கம் போக வேண்டும். பெல் நிறுவனத்தின் மூன்று சக்கரக் கரும்பு லோடர் நம் குவாசுலு-நேட்டால் மாகாணத்தில் பிறந்த வடிவமைப்பு. அது கரும்பைக் கவ்வி எடுத்து வண்டியில் போடும்போது எந்த உருளை நீளுகிறது, எது சுருங்குகிறது என்று ஒரு நிமிஷம் பார்த்தால் போதும். 1860இல் இந்தியாவிலிருந்து கப்பலேறி இந்தக் கரும்புக்காட்டுக்கு வந்தவர்களின் ஊரில் கிணற்றில் நீர் இறைத்த ஏற்றமும் ஒரு நெம்புகோல்தான், அச்சு நடுவில் இருக்கும் முதல் வகை. ஏற்றம், கப்பி, நெம்புகோல், அச்சு என்ற சொற்கள் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் வெறும் சொற்களாக நிற்கின்றன. திங்கட்கிழமை கையால் செய்யும் பொருளுக்கு அதே பெயர் இருக்கிறது என்று சொல்லிக் கொடுக்கலாமே.

கொடுக்கும் பொருளுக்கு ஒரு வரம்பு கட்டாயம் வேண்டும். குழுவுக்கு ஒரு அகலமான அட்டை, ஆறு மூங்கில் குச்சி, இரண்டு ஜோடி சிரிஞ்சு, ஒரு மீட்டர் குழாய், பத்து கேபிள் டை. அதற்குமேல் எதுவும் கிடையாது. கையிருப்பு தாராளமாக இருந்தால் பிள்ளைகள் யோசிப்பதை விட்டு ஒட்டிக்கொண்டே போவார்கள். அட்டையில் கைவைக்கும் முன் ஆளுக்கு மூன்று கைவரைபடம். அதில் தேர்ந்ததை மெல்லிய அட்டைப் பட்டையும், துளையில் செருகி இரு காலையும் விரித்து மடிக்கும் ஸ்பிளிட் பின்னும் வைத்து மேசைமேல் தட்டையாகச் செய்து அசைத்துப் பார்க்க வேண்டும். பதினைந்து நிமிஷ வேலை. எந்தக் கம்பு எதில் முட்டுகிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும்; இதைத் தாண்டிக் குதித்த குழுக்கள்தான் கடைசி நாளில் எல்லாவற்றையும் பிய்த்துக்கொண்டிருக்கும்.

அட்டையைப் பற்றி ஒரு சொல். நெளி அட்டையின் உள்ளே வரிவரியாக ஓடும் நெளிவு கையின் நீளவாக்கில் இருக்க வேண்டும். குறுக்கே இருந்தால் முதல் பாரத்திலேயே மடியும். இரண்டு அட்டையை ஒன்றன் நெளிவு நீளவாக்கிலும் மற்றதன் நெளிவு குறுக்கிலுமாக ஒட்டினால் எந்தப் பக்கமும் மடியாத பலகை கிடைக்கும். அச்சுத் துளை கிழிந்து அகலமாவது அட்டையின் இயல்பு. துளைக்குள் ஸ்ட்ரா துண்டு ஒன்றைச் செருகி இருபக்கமும் ஒட்டி, அதற்குள் 3 மி.மீ. மூங்கில் குச்சியை ஓடவிட்டால் கிழியாது. பக்கவாட்டில் ஆடினால் பால் பாட்டில் பிளாஸ்டிக்கில் வட்டம் வெட்டி வாஷராகப் போடலாம்.

சிரிஞ்சை குளூ கன்னால் அட்டையில் ஒட்டுவது எல்லோரும் செய்யும் தவறு. சிரிஞ்சின் உடல் பாலிப்ரொப்பிலின். சூடான பசை அதில் பிடிக்காது, ஆறியதும் தோல்போல உரிந்து வரும். பிடித்தாலும் சரியில்லை: கை வட்டமாகச் சுழலும்போது சிரிஞ்சும் கூடவே சாய வேண்டும். இரண்டு துளை போட்டு கேபிள் டையை வளையமாக விட்டு, சிரிஞ்சு ஆடும் அளவுக்குத் தளர்வாகக் கட்டினால் அது தானாகவே சாய்ந்துகொள்ளும். தண்டின் முனையில், கட்டைவிரல் வைக்கும் தட்டுக்குக் கீழே உள்ள விலாவில் 2 மி.மீ. துளை போட்டுக் கம்பி கோத்துக் கையோடு இணையுங்கள். அந்தத் துளையை ஆசிரியரே முன்கூட்டிப் போட்டு வைப்பது நல்லது.

குளூ கன் குறைந்த வெப்ப வகையாக இருக்கட்டும். அதுவே சுமார் 120 பாகை செல்சியஸ். உயர் வெப்ப வகை 190 பாகையை ஒட்டிப் போகும், தோலில் ஒட்டினால் கொப்புளம்தான். வகுப்புக்கு இரண்டே ஒட்டுமிடம், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கிண்ணம் குளிர்ந்த நீர். மின்வெட்டு நாளில் குளூ கன் சும்மா கிடக்கும், சிரிஞ்சும் கேபிள் டையும் வேலை செய்யும். மூட்டுகளைப் பசை இல்லாமல் யோசிக்கச் சொல்ல அது நல்ல நாள். வெட்டுவதற்கு இரும்பு ஸ்கேல், அடியில் தடித்த அட்டை, அழுத்தி ஒரே இழுப்பாக இல்லாமல் லேசாக நாலு இழுப்பு.

மதிப்பிடும்போது தூக்கிய எடையை மட்டும் பார்க்காதீர்கள். டின்னைத் தூக்கி, பத்து விநாடி பிடித்து, குறித்த வட்டத்துக்குள் வைக்கிறதா என்று பாருங்கள். பிறகு எதை ஏன் மாற்றினோம் என்று குழு சொல்வதற்கும் அதே அளவு மதிப்பெண். துளையை 4 செ.மீ.யிலிருந்து 6 செ.மீ.க்கு நகர்த்தியதன் காரணத்தைச் சொல்லத் தெரிந்த குழுவின் கை கோணலாக நின்றாலும் அவர்களுக்குப் பாடம் புரிந்துவிட்டது.

வீட்டுக்கு வாங்கும் பெற்றோருக்கு: பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்குப் பெட்டி நல்ல பரிசு, ஒரு சனிக்கிழமை முழுதும் ஓடும். கூடவே 5, 20 மில்லி சிரிஞ்சில் இரண்டிரண்டு வாங்கி வையுங்கள், பெட்டியின் காகிதத்தில் இல்லாத விளையாட்டு அப்போதுதான் ஆரம்பிக்கும். பள்ளிக்கு: வகுப்புக்கு ஒரு பெட்டி, திருகு வகை. ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். சிரிஞ்சு அளவு மாறி மாறி வந்திருந்தால் நாலரை கொடுத்திருப்போம்.

பருவம் முடிந்ததும் தண்ணீரை முழுதும் கொட்டி, குழாயைக் கழற்றி ஊதி, தண்டுகளை வெளியே இழுத்துத் தனித்தனியாகக் காயவையுங்கள். டர்பன் காற்றின் ஈரத்தில் நீரோடு மூடிவைத்த குழாய்க்குள் பாசி படியும், உள்ளே தள்ளி வைத்த ரப்பர் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். காய்ந்தபின் துணிப்பையில், தண்டு வேறாக உடல் வேறாக.